பேக்ஸ்லாஷை யார் படிக்கிறார்கள்?

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு சின்ன நிரல் எழுதிக் கொடுத்தேன். தவறான கடவுச்சொல் போட்டு சர்வருக்குள் நுழையப் பார்த்த முயற்சிகள் எத்தனை என்று லாக் கோப்பைப் படித்து தினமும் காலையில் கணக்குச் சொல்லவேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை. மாதத்தின் நடுவில் ஓடத் தொடங்கியது. தினம் 400, 500 என்று எண்ணிக்கை வந்தது. அடுத்த மாதம் ஒன்றாம் தேதி பூஜ்யம். இரண்டாம் தேதியும் பூஜ்யம். ஃபயர்வால் அமைப்பை அந்த வாரம்தான் மாற்றியிருந்தார்கள். அதன் பலன் என்று எல்லோரும் நம்பினோம். மேலாளர் பாராட்டி மின்னஞ்சல்கூட அனுப்பினார். பத்தாம் தேதி எண்ணிக்கை மறுபடி 400ஐத் தாண்டியது.

ஃபயர்வாலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரே ஒரு இடைவெளிதான் காரணம். யுனிக்ஸ் உலகின் பழைய சிஸ்லாக் வடிவத்தில் ஒவ்வொரு வரியும் மாதத்தின் சுருக்கப் பெயர், தேதி, நேரம் என்று தொடங்கும். தேதிக்கு இரண்டு எழுத்து இடம். 12 என்றால் இடம் நிரம்பிவிடும். 5 என்றால் முன்னால் ஓர் இடைவெளி வைத்து நிரப்புவார்கள். ஆக, 10ஆம் தேதி முதல் மாதத்துக்கும் தேதிக்கும் நடுவே ஓர் இடைவெளி; 1 முதல் 9 வரை இரண்டு. என் ரெஜெக்ஸில், அதாவது தேடவேண்டிய வரியின் வடிவத்தைச் சொல்லும் சரத்தில், ஒன்றுதான் இருந்தது. இந்தப் பழக்கத்தை 2001இல் எழுதிவைத்த ஆர்எஃப்சி 3164 ஆவணத்தில் இது தெளிவாகவே இருக்கிறது. நான் ஆவணத்தைப் படிக்கவில்லை. கையில் இருந்த நாலு நாள் லாக்கைப் பார்த்து எழுதினேன்.

நிரல் ஒன்பது நாளும் ஒரு பிழைச்செய்தியைக்கூடக் காட்டவில்லை என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது. ரெஜெக்ஸ் பொருந்தாமல் போவது இயந்திரத்துக்குப் பிழை அல்ல. தேடச் சொன்னீர்கள், தேடினேன், அப்படி ஒன்றும் இல்லை என்று அது நேர்மையாகவே பதில் சொல்கிறது. கேட்ட கேள்வி தப்பு என்பது அதற்குத் தெரிய வழியில்லை.

அதற்குப் பிறகு இதே மாதிரிக் கோளாறுகளைப் பலரிடமும் பார்த்துவிட்டேன். ரெஜெக்ஸ் கடினமானது, அதனால் தவறுகிறோம் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. ஒரே சரத்தை ஷெல், நிரல்மொழி, ரெஜெக்ஸ் எந்திரம் என்று ஒருவர்பின் ஒருவராகப் பல வாசகர்கள் படிக்கிறார்கள். ஒவ்வொருவரும் தமக்கென்று நினைக்கும் குறியை எடுத்துக்கொண்டு மீதியை அடுத்தவரிடம் தள்ளுகிறார்கள். நாம் யாருக்கு எழுதினோம், இடையில் யார் எடுத்துக்கொண்டார் என்பது தெரியாமல் போகும்போதுதான் தலைவலி தொடங்குகிறது.

நழுவும் எழுத்து

‘கடன் கேட்டதும் ஆள் எஸ்கேப்’ என்றால் தமிழில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. கணினியிலும் ஏறக்குறைய அதே அர்த்தம்தான்: ஓர் எழுத்து தன் வழக்கமான பொருளிலிருந்து நழுவிப் போவது. இந்த ஏற்பாட்டை முன்வைத்தவர்களில் முக்கியமானவர் பாப் பீமர் என்ற அமெரிக்கர். ஐபிஎம்மில் இருந்தவர், ஆஸ்கி குறியீட்டின் தந்தை என்று அழைக்கப்படுபவர். ஆஸ்கியில் 27ஆம் எண்ணில் இருக்கும் எஸ்கேப் எழுத்தும், 92ஆம் எண்ணில் இருக்கும் பேக்ஸ்லாஷும் அவர் வாதாடிக் கொண்டுவந்தவை. வேடிக்கை என்னவென்றால், 1961இல் அவர் பேக்ஸ்லாஷைச் சேர்த்தது எஸ்கேப்புக்காக அல்ல. அல்கால் மொழியின் ‘மற்றும்’, ‘அல்லது’ குறிகளை /\ என்றும் \/ என்றும் இரண்டு சாய்கோடுகளால் வரைந்துகொள்ளலாம் என்பதற்காக.

எஸ்கேப் வேலைக்குப் பேக்ஸ்லாஷ் வந்து சேர்ந்ததும் நேர்வழியில் அல்ல. சி மொழிக்கு முன்னோடியான பி மொழியில் அந்த வேலையை நட்சத்திரக்குறிதான் பார்த்தது. பி மொழியை உருவாக்கிய அதே கென் தாம்ப்சன்தான் ரெஜெக்ஸையும் கணினிக்குள் கொண்டுவந்தவர். அங்கே நட்சத்திரக்குறிக்கு முற்றிலும் வேறு வேலை. கணிதவியலாளர் ஸ்டீஃபன் கிளீன் நரம்பு வலைகளைப் பற்றி 1951இல் எழுதி 1956இல் அச்சான கட்டுரையிலிருந்து ‘எத்தனை முறை வேண்டுமானாலும்’ என்ற பொருள் அதற்கு வந்தது. தாம்ப்சன் 1968இல் தம் தேடல் முறையை வெளியிட்டார். 1973இல், ரெஜெக்ஸ் கொடுத்து வரிகளைத் தேடும் கிரெப் கருவி வந்தது. இப்படி ஆளுக்கொரு தேவைக்காகப் பொறுக்கிய குறிகள் ஒரே விசைப்பலகையில் வந்து உட்கார்ந்துகொண்டன.

1983இல் வந்த எம்எஸ்-டாஸ் 2.0 இன்னொரு சிக்கலைச் சேர்த்தது. கட்டளைகளின் விருப்பங்களைக் குறிக்க முன்சாய்கோடு ஏற்கெனவே புழக்கத்தில் இருந்ததால், கோப்புறைகளைப் பிரிக்கப் பேக்ஸ்லாஷை எடுத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து விண்டோஸ் லாக்குகளில் வரும் ஒவ்வொரு கோப்பு முகவரியும் ரெஜெக்ஸுக்குக் கண்ணிவெடி. ஜப்பானில் 92ஆம் எண்ணில் யென் நாணயக் குறியை வைத்துவிட்டார்கள். அங்கே கோப்பு முகவரியில் யென் குறி தெரியும். அதைவிட மோசம், ஷிஃப்ட்-ஜிஸ் குறியீட்டில் சில ஜப்பானிய எழுத்துகளின் இரண்டாவது பைட்டே 92. குறியீடு தெரியாத நிரல் அந்த எழுத்தின் பின்பாதியை எஸ்கேப் என்று எடுத்துக்கொண்டு அடுத்த எழுத்தைத் தின்றுவிடும்.

இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு

ஓர் உதாரணத்தை நிதானமாகப் பார்ப்போம். விண்டோஸ் வலைப்பின்னலில் பகிரப்பட்ட கோப்புறையின் முகவரி இரண்டு பேக்ஸ்லாஷுடன் தொடங்கும். லாக்கில் அந்த இரண்டையும் பிடிக்கவேண்டும். ரெஜெக்ஸில் பேக்ஸ்லாஷ் சிறப்புக்குறி என்பதால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு: மொத்தம் நான்கு. அந்த ரெஜெக்ஸை ஜாவா நிரலில் மேற்கோளுக்குள் எழுதுகிறோம். ஜாவாவின் கம்பைலருக்கும் பேக்ஸ்லாஷ் சிறப்புக்குறி, எனவே எட்டு. ஜாவாவில் நேரடியாக எழுதாமல் ஜேசன் அமைப்புக் கோப்பில் வைத்தாலும் எட்டுதான், ஜேசனும் அதே பழக்கம் உடையது. அந்த ஜேசனை ஷெல் கட்டளையில் இரட்டை மேற்கோளுக்குள் கொடுத்தால் பதினாறு. சதுரங்கப் பலகையில் நெல்மணி வைத்த கதை போல ஒவ்வொரு கட்டத்திலும் இரட்டிப்பாகிறது.

பதினாறு பேக்ஸ்லாஷைப் பார்த்ததும் எவருக்கும் கண் கலங்கும். பிறகு நடப்பது எனக்கு நன்றாகத் தெரியும், நானும் செய்திருக்கிறேன்: ஒன்றைக் கூட்டிப் பார்ப்பது, ஒன்றைக் குறைத்துப் பார்ப்பது, ஓடினால் விட்டுவிடுவது. அப்படி ஓடவைத்தது ஒரு லாக்குக்கு ஓடும். அடுத்த சர்வருக்கு மாற்றினால் நின்றுவிடும்.

சரியான வழி சலிப்பூட்டக்கூடியது, ஆனால் தவறாது. உள்ளேயிருந்து வெளியே வரவேண்டும். முதலில் லாக்கில் உண்மையில் இருப்பது என்ன என்று பைட் பைட்டாகப் பார்ப்பது. அடுத்து ரெஜெக்ஸ் எந்திரத்தின் கைக்குப் போய்ச்சேர வேண்டிய வடிவத்தை, எந்த மேற்கோளும் இல்லாமல் தாளில் எழுதுவது. அதன்மேல் ஒவ்வொரு உறையாகப் போடுவது. சோதிக்கும்போது எதிர்த்திசை: ஒவ்வொரு வாசகரையும் தாண்டிய பிறகு சரம் எப்படி இருக்கிறது என்று அச்சிட்டு, அதன் நீளத்தை எண்ணுவது. கண்ணைவிட நீளத்தை நம்பலாம். ஏனென்றால் அச்சிட்டுக் காட்டும் கருவியே சில சமயம் ஏமாற்றும். பைத்தானின் ஊடாடும் திரையில் ஒரு பேக்ஸ்லாஷ் உள்ள சரத்தின் பெயரைத் தட்டினால் அது இரண்டாகக் காட்டும். ஷெல்லில் எக்கோ கட்டளையும் அப்படித்தான்: சில ஷெல்களில் பேக்ஸ்லாஷைத் தானே படித்துவிடும், சிலவற்றில் விட்டுவிடும். சோதனைக்கு பிரிண்ட்எஃப் நல்லது.

முடிந்தவரை வாசகர்களைக் குறைப்பது அதைவிட நல்லது. ஷெல்லில் ஒற்றை மேற்கோள் எதையும் படிக்காமல் அப்படியே கடத்தும். பைத்தானில் மேற்கோளுக்கு முன் ‘ஆர்’ எழுத்தைப் போட்டால் மொழி தலையிடாது. (கடைசி எழுத்தாக ஒற்றைப் பேக்ஸ்லாஷை மட்டும் அங்கேயும் வைக்கமுடியாது, இது எனக்கு ஒரு முழு மதியத்தைத் தின்றது.) தேடுவது வெறும் சொல் என்றால் கிரெப்புக்குப் பெரிய எழுத்தில் -எஃப் கொடுத்து ரெஜெக்ஸையே தவிர்த்துவிடலாம். எத்தனையோ பேர் 10.1.1.5 என்ற முகவரியை அப்படியே தேடுகிறார்கள். புள்ளி என்றால் ரெஜெக்ஸில் ஏதேனும் ஓர் எழுத்து, 10.151.52.7 என்ற முகவரியும் அதில் விழும். புள்ளிகளுக்கு எஸ்கேப் போட்டு 10\.1\.1\.5 என்று எழுதினாலும் 10.1.1.50 முதல் 59 வரையும், 110.1.1.5உம் வந்து ஒட்டிக்கொள்ளும். இரு முனையிலும் எல்லை கட்டாத தேடல் அது.

அந்த ‘ஆர்’ எழுத்தைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. அதைப் போடாமலே பல ஆண்டுகள் பைத்தானில் ரெஜெக்ஸ் எழுதியவர்கள் உண்டு. எண்ணைக் குறிக்கும் ‘பேக்ஸ்லாஷ் டி’யைப் பைத்தான் தன் பட்டியலில் காணாததால் தொடாமல் விட்டுவிடும், எல்லாம் ஓடும். ஒருநாள் சொல்லின் எல்லையைக் குறிக்கும் ‘பேக்ஸ்லாஷ் பி’யைச் சேர்ப்பார்கள். பைத்தானின் பட்டியலில் அதற்குப் ‘பேக்ஸ்பேஸ்’ என்று பொருள், 8ஆம் எண் எழுத்து. ரெஜெக்ஸ் எந்திரம் லாக்கில் பேக்ஸ்பேஸ் எழுத்தைத் தேடும், கிடைக்காது, பூஜ்யம் என்று சொல்லும். 2016இன் 3.6 பதிப்பில் தொடங்கி, பட்டியலில் இல்லாத எஸ்கேப்புகளைப் பற்றிப் பைத்தான் எச்சரிக்கிறது, 2023இன் 3.12இல் அந்த எச்சரிக்கை எல்லோர் கண்ணிலும் படும்படி ஆனது. ஆனால் ‘பேக்ஸ்லாஷ் பி’ பட்டியலில் உள்ள எஸ்கேப். அதற்கு எந்த எச்சரிக்கையும் இன்றும் வராது.

ஒரே குறி, எதிர்ப்பொருள்

வாசகர்கள் பலர் என்பது ஒரு சிக்கல். ஒரே வாசகருக்குப் பல வட்டார வழக்குகள் என்பது அடுத்தது. பழைய கிரெப்பில் ( என்றால் வெறும் அடைப்புக்குறி, \( என்றால்தான் குழுவாக்கம். ஈகிரெப்பிலும் பெர்ல் வழிவந்த எல்லாவற்றிலும் இது நேர்தலைகீழ். ஒரே பேக்ஸ்லாஷ், ஓரிடத்தில் சாதாரண எழுத்துக்குப் பட்டம் கட்டுகிறது, இன்னோர் இடத்தில் பட்டத்தைப் பறிக்கிறது. போசிக்ஸ் தரநிலை இதை ஒழுங்குபடுத்த வந்து, இரண்டையுமே ‘அடிப்படை’, ‘விரிவு’ என்று பெயரிட்டு ஏற்றுக்கொண்டது. இதை நான் கோழைத்தனம் என்றே சொல்வேன். வேறு வழியும் அவர்களுக்கு இருந்திருக்காது.

தமிழ் எழுத்தின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. தொல்காப்பியத்தின்படி மெய்யெழுத்து புள்ளி பெறும். எகரமும் ஒகரமும்கூடப் புள்ளி பெறும். ஒரே புள்ளி, முன்னதில் உயிரில்லை என்கிறது, பின்னதில் குறில் என்கிறது. ஓலையில் புள்ளி வைத்தால் கிழியும் என்று எழுதுபவர்கள் அதை விட்டுவிட, படிப்பவர் இடம் பார்த்துப் பொருள் கொள்ளவேண்டியதாயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்குத் தனி வடிவம் கொடுத்ததும்தான் ஏட்டைப் படிப்பவருக்கு அந்தச் சிரமம் குறைந்தது. பேக்ஸ்லாஷுக்கு அப்படி ஒரு வீரமாமுனிவர் வாய்க்கவில்லை.

ஆகவே இணையத்தில் சோதித்துப் பார்த்த ரெஜெக்ஸ் சர்வரில் ஓடவில்லை என்று யாராவது வந்தால் நான் முதலில் கேட்பது, எந்த எந்திரம் என்பதுதான். 1997இல் ஃபிலிப் ஹேசல் எழுதத் தொடங்கிய பிசிஆர்ஈயா, ஜாவாவினதா, கோ மொழியினதா, வெறும் கிரெப்பா? கேள்விக்குப் பதில் தெரிந்தால் பாதி நேரம் பிரச்சினையும் தீர்ந்துவிடுகிறது.

எழுதியவரின் எஸ்கேப்

இதுவரை பார்த்தது நம் பக்கத்துப் பேக்ஸ்லாஷ்கள். லாக்கை எழுதிய நிரலுக்கும் தன் எஸ்கேப்புகள் உண்டு. இந்தப் பாதியைப் பற்றி ரெஜெக்ஸ் பாடங்கள் அநேகமாகப் பேசுவதே இல்லை.

அப்பாச்சி வலைச்சர்வர் பார்வையாளரின் பிரவுசர் பெயரை இரட்டை மேற்கோளுக்குள் எழுதும். அதைப் பிடிக்க எல்லோரும் எழுதுவது "[^"]*" என்ற வடிவம்: மேற்கோள், மேற்கோள் அல்லாத எழுத்துகள், மேற்கோள். ஆனால் பிரவுசர் பெயர் என்று வருவது, எதிர்முனையில் இருப்பவர் அனுப்பும் எதுவாகவும் இருக்கலாம். அதற்குள்ளேயே ஒரு மேற்கோள் இருந்தால் அப்பாச்சி, 2.0.46 பதிப்பிலிருந்து, அதன் முன்னால் பேக்ஸ்லாஷ் போட்டு எழுதுகிறது. நம் ரெஜெக்ஸ் அந்த உள்மேற்கோளிலேயே முடிந்துவிட்டதாக நினைத்து நின்றுவிடும். "([^"\\]|\\.)*" என்று எழுதவேண்டும்: மேற்கோளும் பேக்ஸ்லாஷும் அல்லாத ஓர் எழுத்து, அல்லது பேக்ஸ்லாஷும் அதை ஒட்டிய எதுவோ ஓர் எழுத்தும், எத்தனை முறை வேண்டுமானாலும். 1997இல் வெளிவந்த ஜெஃப்ரி ஃப்ரீட்லின் ரெஜெக்ஸ் நூல் இந்த ஒரே வடிவத்தை எப்படி வேகமாக்குவது என்று பக்கம் பக்கமாகப் பேசுகிறது. படிக்கவேண்டிய பக்கங்கள்.

என்ஜின்எக்ஸ் வலைச்சர்வர் வேறு வழி போகிறது. மேற்கோளைப் பேக்ஸ்லாஷோடு விடாமல், அதன் எண்ணையே பதினாறடிமானத்தில், நான்கு எழுத்தாக எழுதிவிடுகிறது. அங்கே எளிய வடிவமே போதும். என்ஜின்எக்ஸில் ஓடிய ரெஜெக்ஸை அப்பாச்சிக்கு எடுத்துச் சென்றவர் ஒரு மாதம் கழித்துத்தான் கோளாறைக் கண்டுபிடிப்பார். ஆர்சிஸ்லாக் தாவல் எழுத்தை #011 என்று எட்டடிமானத்தில் எழுதுகிறது. தாவலைத் தேடும் ரெஜெக்ஸுக்கு அங்கே ஒன்றும் அகப்படாது. டாக்கர் தன் இயல்பான அமைப்பில் ஒவ்வொரு வரியையும் ஒரு ஜேசனுக்குள் வைக்கிறது. உள்ளே இருக்கும் நிரலும் ஜேசனாகவே லாக் எழுதினால் மேற்கோள்கள் எல்லாம் பேக்ஸ்லாஷ் முளைத்து நிற்கும். அதை ரெஜெக்ஸால் வெட்டுவதைவிட ஜேசன் நூலகத்தால் இரண்டு முறை பிரிப்பதே மேல்.

தமிழில் எழுதும் தளங்களை நடத்துபவர்களுக்கு இது நேரடியாகவே இடிக்கும். ‘தமிழ்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து. யுடிஎஃப்-8இல் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 15. அதுவே இணைய முகவரியில் வந்தால் சதவீதக் குறியோடு 45 எழுத்தாக நீளும். பைத்தானின் ஜேசன் நூலகம், தடுத்துச் சொல்லாவிட்டால், 30 எழுத்தாக எழுதும். என்ஜின்எக்ஸ் தன் இயல்பில் 60 எழுத்தாக்கும். ஒரே சொல்லுக்கு லாக்கில் இத்தனை வேடம். கிரெப்பில் ‘தமிழ்’ என்று தட்டிவிட்டு, தேடிவந்தவர் யாரும் இல்லை என்று முடிவுகட்டுவது எவ்வளவு எளிது பாருங்கள்.

எழுத்து எழுத்தாகவே இருந்தாலும் தொல்லை தீர்வதில்லை. ரெஜெக்ஸில் ‘சொல்லெழுத்து’ என்பதற்கு ‘பேக்ஸ்லாஷ் டபிள்யூ’. பைத்தானின் உள்ளமைந்த ரெஜெக்ஸ் நூலகம் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் சொல்லெழுத்தாகக் கணக்கில் எடுப்பதில்லை. ‘தமிழ்’ அதன் கையில் ‘தம’, ‘ழ’ என்று இரண்டு துண்டாகிவிடும். ஜாவாஸ்கிரிப்ட்டுக்கோ தமிழெழுத்து எதுவுமே சொல்லெழுத்து அல்ல. பெர்ல் சரியாகச் செய்கிறது. பைத்தானிலும் தனியாக நிறுவிக்கொள்ளும் ‘ரெஜெக்ஸ்’ என்ற நூலகம் சரியாகச் செய்கிறது. உள்ளமைந்த நூலகம் இன்னும் இப்படி இருப்பதற்கு நான் எந்தச் சமாதானத்தையும் ஏற்கத் தயாராக இல்லை.

கண்ணுக்குத் தெரியாதவை

இந்த வகையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் கண்டுபிடித்துவிட்டால் தீர்வு ஒரு வரிதான். விண்டோஸில் எழுதிய கோப்பின் வரி முடிவில் 13ஆம் எண் எழுத்து ஒன்று கூடுதலாக ஒட்டியிருக்கும். வரிமுடிவைக் குறிக்கும் $ அதனால் பொருந்தாது. கோப்பின் தலையில் பைட் வரிசைக் குறி இருந்தால் முதல் வரி மட்டும் ^ குறிக்குப் பிடிபடாது. பழைய பவர்ஷெல் 5.1இல் > போட்டுச் சேமித்த லாக் யுடிஎஃப்-16இல் இருக்கும். ஆங்கில எழுத்துகளுக்கு நடுவில் எல்லாம் பூஜ்ய பைட், கிரெப்புக்கு ஒன்றும் தெரியாது. நிரல் பிழைச்சொல்லைச் சிவப்பில் எழுதியிருந்தால், 1978இன் விடி100 திரை பரப்பிய அந்த 27ஆம் எண் எஸ்கேப் எழுத்து சொல்லுக்கு முன்னும் பின்னும் ஒளிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் வந்த கட்டளையை நகலெடுத்து ஒட்டினால் நேர்மேற்கோள் வளைமேற்கோளாக மாறியிருக்கலாம். கேட் கட்டளைக்குப் பெரிய எழுத்தில் -ஏ கொடுத்துப் பார்த்தால் இவை எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிடும். ரெஜெக்ஸைத் தொடுவதற்கு முன் செய்யவேண்டியது இது. பெரும்பாலானவர்கள் கடைசியில் செய்கிறார்கள்.

பொருந்தாத வரிக்கு ஆகும் நேரம்

தப்பான பதிலைத் தவிர இன்னொரு விபத்தும் உண்டு: பதிலே வராமல் போவது. தாம்ப்சன் 1968இல் விவரித்த முறை, சாத்தியமான எல்லா வழிகளையும் ஒரே நேரத்தில் கூடவே நடத்திச் செல்லும். சரம் நீண்டால் நேரம் அதே விகிதத்தில்தான் நீளும். பின்னால் வந்த பெர்லும் அதன் வழித்தோன்றல்களும் ஒரு வழியில் போய் முட்டினால் திரும்பிவந்து அடுத்த வழியில் போகும் முறையைப் பிடித்துக்கொண்டன. வசதிகள் கூடின, ஆபத்தும் கூடியது. 2007இல் நிரலாளர் ரஸ் காக்ஸ் எழுதிய கட்டுரை இதை எல்லோருக்கும் புரியும்படி உடைத்தது: வெறும் 29 எழுத்துச் சரத்துக்கு பெர்ல் 60 விநாடிக்கு மேல் எடுத்துக்கொள்ளும்படி ஒரு வடிவத்தை எழுதிக்காட்டினார். தாம்ப்சன் முறையில் அது மைக்ரோ விநாடிகளின் வேலை.

2016 ஜூலை 20 அன்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் 34 நிமிடம் படுத்தது. காரணம், வரியின் இரு முனைகளிலும் உள்ள வெற்றிடத்தை நீக்கும் ஒரு ரெஜெக்ஸ். ஒரு பதிவின் வரி நடுவில் சுமார் 20,000 வெற்றிடங்கள் தொடர்ச்சியாக இருந்தன, வரிமுடிவில் இல்லை. எந்திரம் முதல் வெற்றிடத்திலிருந்து 20,000 எண்ணி முட்டி, இரண்டாவதிலிருந்து 19,999 எண்ணி முட்டி, இப்படியே சுமார் 20 கோடி ஒப்பீடு. 2019 ஜூலை 2 அன்று கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் பாதுகாப்பு விதி ஒன்றில் .*.*=.* என்ற சாயலில் ஒரு துண்டு இருந்தது. உலகம் முழுக்க அவர்களுடைய கணினிகளின் செயலிகள் 100 சதவீதத்தைத் தொட்டன. 27 நிமிடம் ஏராளமான தளங்கள் திறக்கவில்லை. இவை இரண்டும் லாக் பிரிப்பில் நடந்தவை அல்ல. ஆனால் லாக் வரியின் நீளத்தை முடிவுசெய்பவர் வெளியாள் என்பதால் நமக்கும் அதே ஆபத்து. .* என்பதைக் கை போன போக்கில் எழுதுபவர்கள் அதன் இடத்தில் எது வரக்கூடாது என்று யோசித்து [^"]* அல்லது [^ ]* என்று எழுதிப் பழகினால் பாதி ஆபத்து விலகிவிடும்.

அந்த வெளியாள் கெட்டவராகவும் இருக்கலாம். ஃபெயில்டூபேன் என்ற கருவி, தவறான நுழைவு முயற்சிகளை லாக்கில் பார்த்து அந்த முகவரிகளைத் தடைசெய்யும். அதன் தொடக்ககால ரெஜெக்ஸ்கள் எல்லை கட்டாதவை. பயனர் பெயரின் இடத்தில் ஒருவர் வேறொருவரின் முகவரியை எழுதி நுழைய முயன்றால், கருவி அப்பாவியைத் தடைசெய்துவிடும். பெயருக்குள் வரிமுறிவு எழுத்தைச் செருகினால் நடக்காத ஒன்றை லாக்கில் நடந்ததாகவே காட்டமுடியும். மேலே சொன்ன எஸ்கேப்பை அப்பாச்சி கொண்டுவந்ததும் பாதுகாப்புக்காகத்தான். லாக்4ஜே என்ற லாக் நூலகத்தில் 2021 டிசம்பரில் வெளிவந்த ஓட்டை இதன் உச்சம். லாக்கில் பதிவாகும் சரத்துக்குள் ${ என்று தொடங்கும் துண்டு இருந்தால் அதை எழுதும் நூலகமே படித்துச் செயல்பட்டது. எழுத்தராக இருக்கவேண்டியவர் வாசகராகிவிட்டார். ஓட்டைகளின் தீவிரத்தை அளக்கும் அளவுகோலில் அதற்குப் பத்துக்குப் பத்து.

ரெஜெக்ஸே வேண்டாம், எல்லாவற்றையும் ஜேசனில் எழுதலாமே என்பார்கள். வடிவம் நம் கையில் இருந்தால் நானும் அதையே சொல்வேன்: எஸ்கேப் மறைவதில்லை, ஆனால் விதி தெரிந்த ஒரு நூலகத்தின் பொறுப்பாகிவிடுகிறது. பழைய ரவுட்டரும், வாங்கிப்போட்ட மென்பொருளும், பத்தாண்டுக்கு முந்திய நிரலும் ஜேசனில் எழுதப்போவதில்லை. அவற்றுக்கு ரெஜெக்ஸ்தான். அதை இறுக்கமாக, ^ முதல் $ வரை எழுதி, எதற்கும் பொருந்தாத வரிகளைத் தனிக் கோப்பில் சேர்த்து எண்ணிக்கையைக் காட்டுங்கள். இந்தக் கட்டுரையில் சொன்னவற்றில் ஒன்றையாவது செய்வதென்றால் அதைச் செய்யுங்கள்.

என் நிரலில் அன்று இடைவெளிக்குப் பக்கத்தில் ஒரு + போட்டேன். பொருந்தாத வரிகளுக்கு ஒரு கோப்பும் திறந்தேன். முதல் காலை அதில் மூன்று வரிகள் விழுந்தன. இரண்டு, சர்வர் மறுதொடக்கம் ஆனபோது பாதியில் அறுந்தவை. மூன்றாவதில், பயனர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் அவசரத்தில் யாரோ தம் கடவுச்சொல்லைத் தட்டியிருந்தார், நடுவில் ஓர் இடைவெளியுடன். அதை அன்றே மாற்றச் சொன்னோம்.